எட்டுக் கோப்பை, ஒரு வரி

அத்தியாயம் 14

போன வாரம் கதவைப் படாரென்று சாத்திவிட்டுப் போன சின்னவள், இந்த வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு அதே கதவைத் தட்டாமலே திறந்துகொண்டு உள்ளே வந்தாள்.

"நான் சண்டை போட வரலை அண்ணி," என்றாள், நின்ற இடத்திலேயே நின்றபடி.

"அப்போ உட்காரு. சண்டை போட வர்றவங்கதான் உட்காராம நிப்பாங்க."

சின்னவள் உட்கார்ந்தாள். ஆனால் நாற்காலியின் நுனியில்.

நடுவில் ஒரு வாரம் விட்டுப்போனவர்களுக்காக இரண்டு வார்த்தை. அண்ணி பத்து வருடம் ஆஸ்பத்திரியில் உணவியல் நிபுணராக இருந்தவள். எந்த நோயாளி எதைச் சாப்பிடலாம், எவ்வளவு, எப்படி என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியதும் வேலையை விட்டாள். இப்போது அதையே வீட்டிலிருந்து எழுதித் தருகிறாள். ஆஸ்பத்திரியோ கம்பெனியோ மருத்துவ இதழோ, யார் கேட்டாலும் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, சாதாரண மனிதருக்குப் புரிகிற மாதிரி எழுதிக் கொடுப்பாள். சாப்பாட்டு மேஜையில் பாதி அவளுடைய ஆபீஸ். மீதிப் பாதியில்தான் வீட்டில் உள்ளவர்கள் சாப்பிட்டாக வேண்டும்.

வீட்டில் உள்ளவர்கள் என்றால் இப்போதைக்கு இரண்டே பேர். அவளுடைய கணவன் கப்பலில் இன்ஜினியர்; எந்தக் கடலில் இருக்கிறான் என்று அவனைக் கேட்டால்தான் தெரியும். அவளைத் தவிர வீட்டில் இருப்பவர் மாமனார், சின்னவளின் அப்பா. ரிட்டயரான பஸ் கண்டக்டர்.

மூன்று மாதத்துக்கு முன்பு வந்த பக்கவாதம் அவருடைய வலது கையைக் கொஞ்சம், நாக்கைக் கொஞ்சம், தொண்டையைக் கொஞ்சம் பதம் பார்த்துவிட்டுப் போயிருந்தது. பேச்சு குழறியது. குழறிப் பேசி மானம் போவானேன் என்று பழைய விசிலைத் தேடி எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டுவிட்டார். ஒரு விசில் அடித்தால் நிறுத்து. இரண்டு அடித்தால் போகலாம்.

தண்ணீர் குடித்தால் புரையேறி மூச்சுக்குழாய்க்குள் போய்விடுகிறது; அது நுரையீரலில் இறங்கினால் நிமோனியா வரலாம். அதனால் தண்ணீர், காபி, சூப் எதுவானாலும் ஒரு வெள்ளைப் பொடியைக் கலந்து, தேன் பதத்துக்குக் கெட்டியாக்கித்தான் கொடுக்க வேண்டும். அந்தப் பொடியைத் தயாரிக்கிற கம்பெனியில்தான் சின்னவளுக்கு விற்பனை வேலை. விழுங்கச் சிரமப்படுகிறவர்களின் குடும்பத்துக்கு ஒரு கையேடு வேண்டும் என்று கம்பெனியில் பேச்சு வந்தபோது, "எங்க அண்ணியை விட்டா ஆள் கிடையாது" என்று மார்தட்டியவளும் அவளே.

கையேடு முப்பத்திரண்டு பக்கம். முப்பத்தொன்றில் சிக்கல் இல்லை. பதினொன்றாம் பக்கத்தில் மேலாளர் ஓரமாக ஒரு குறிப்பு போட்டிருந்தார்: 'இந்தப் பொடி நிமோனியாவைத் தடுக்கும் என்று சேர்க்கவும். அவசரம்.'

அண்ணி சேர்க்க மாட்டேன் என்றாள். கதவு படாரென்று சாத்தப்பட்டது. அவ்வளவுதான் போன வாரக் கதை.

"இன்னைக்கு மூணு மணிக்கு மேலாளர் கூப்பிடுவார்," என்றாள் சின்னவள். "அந்த வரி இருந்தா நேரா அச்சுக்கு. இல்லைன்னா வேற ஆளை வச்சு எழுதிக்கறேன்னு சொல்லிட்டார். உங்களைச் சொன்னது நான். என் மூஞ்சியை எங்கே வச்சுக்கறது அண்ணி? ஒரே ஒரு வரி."

அண்ணி கணினியை அவள் பக்கம் திருப்பினாள். "பதினாலு ஆய்வு படிச்சிருக்கேன். பொடி கலந்தா இருமல் குறையுது. எக்ஸ்ரேல பார்த்தா தப்பான குழாய்க்குள்ள போறதும் குறையுது. அதை எழுதியிருக்கேன். ஆனா நிமோனியா குறைஞ்சுதான்னு பார்த்தவங்க, உறுதியா சொல்ல முடியலைன்னு எழுதியிருக்காங்க."

"குறையலைன்னு சொல்லலை இல்ல?"

"தெரியலைன்னு சொல்றாங்க. தெரியாததைத் தெரியும்னு எப்படி எழுதறது?"

"எல்லாரும் எழுதறாங்களே!"

"அந்த எல்லார்கிட்டயே எழுதி வாங்கிக்க."

உள்ளறையிலிருந்து ஒரு விசில் கேட்டது. நீளமாக, ஒரே ஒரு விசில்.

"உங்க அப்பாவும் நிறுத்தச் சொல்றார்," என்றாள் அண்ணி. "முதல்ல காபி குடி. நான் பத்தரைக்கு ஆஸ்பத்திரில இருக்கணும். மாமாவுக்கு இன்னைக்கு விழுங்கற பரிசோதனை."

அப்போதுதான் பிளம்பர் வந்தார். அவர் வருவது இது மூன்றாவது தடவை. மாமனாரின் அறையில் இருக்கும் வாஷ்பேசினில் பத்து நாளாகத் தண்ணீர் சரியாக இறங்கவில்லை. இரண்டு முறை கம்பியை விட்டுக் குத்திப் பார்த்துவிட்டுப் போனவர், இன்று ஒரு முடிவோடு வந்திருந்தார். அடியில் இருக்கிற வளைந்த குழாயை மொத்தமாகக் கழற்றி, வாளிக்கு மேலே பிடித்துத் தட்டினார்.

பொத்தென்று ஏதோ விழுந்தது.

"அம்மா, கொஞ்சம் இங்கே வாங்க," என்றார் பிளம்பர். அவர் குரலில் பயமும் மரியாதையும் கலந்திருந்தன. "இருபத்தஞ்சு வருஷமா குழாய் கழட்டறேன். இந்த மாதிரி ஒண்ணை நான் பார்த்ததில்லை."

அண்ணியும் சின்னவளும் எட்டிப் பார்த்தார்கள். வாளிக்குள் பழுப்பு நிறத்தில், தளதளவென்று, ஒரு பூனைக்குட்டி சைசுக்கு ஒரு கட்டி கிடந்தது.

"வீட்டுல கோந்து கீந்து காய்ச்சறீங்களா?"

அண்ணி குனிந்து மோந்து பார்த்தாள். காபி வாசனை.

கட்டிலில் உட்கார்ந்திருந்த கண்டக்டர் சுவரில் இருந்த காலண்டரை மிகுந்த அக்கறையோடு படித்துக்கொண்டிருந்தார்.

"மாமா," என்றாள் அண்ணி.

அவர் காலண்டரில் அடுத்த வரிக்குப் போனார்.

"மாமா, ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டின தாள்ல ஒரு நாளைக்கு எட்டுக் கோப்பைன்னு நீங்கதானே டிக் போடறீங்க? நேத்தும் எட்டு. முந்தாநாளும் எட்டு. பயணி ஏறவே இல்லை, டிக்கெட் மட்டும் கிழிஞ்சிருக்கா?"

கண்டக்டர் காலண்டரிலிருந்து கண்ணை எடுத்தார். "ரெண்டு... குடிச்சேன்," என்றார் குழறலாக. "ஆறு... இறக்கி விட்டேன்."

பிளம்பர் சிரித்துவிட்டார். சின்னவளும் சிரித்தாள். அண்ணி மட்டும் சிரிக்கவில்லை. அவள் மாமனாரின் கையைப் பிடித்து, புறங்கைத் தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்த்தாள். வாயைத் திறக்கச் சொன்னாள். நாக்கு காய்ந்து, நடுவில் கோடு விழுந்திருந்தது. இரண்டு நாளாக எழுந்திருக்கும்போது தலை சுற்றுகிறது என்றவரிடம், வயசானால் அப்படித்தான் என்று சொன்னது அவளேதான்.

கையேட்டின் இருபதாம் பக்கம் அவளுக்கு மனப்பாடம். 'கெட்டியான பானம் பிடிக்காமல் சிலர் குறைவாகக் குடிப்பார்கள். உடம்பில் நீர் வற்றும் அறிகுறிகளைக் கவனியுங்கள்.' ஒரு மாதம் உட்கார்ந்து இழைத்து இழைத்து எழுதிய பக்கம். அதை எழுதிக்கொண்டிருந்தபோது பத்தடி தூரத்தில் காபி வாஷ்பேசினில் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

"ஊருக்கெல்லாம் எழுதறேன்," என்றாள் மெதுவாக. "வீட்டுல பார்க்கலை."

"அப்பா, ஏன்ப்பா இப்படிப் பண்ணே?" சின்னவளுக்குக் கோபம் வந்தது. "அது ஒண்ணும் விஷம் இல்லையே. ருசியே தெரியாது. நான் எத்தனை குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன்!"

கண்டக்டர் மகளை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு இடது கையால் மேஜையைக் காட்டினார். காலையில் அண்ணி கலந்து வைத்த கோப்பை அங்கே அப்படியே இருந்தது. அதைச் சுட்டிக்காட்டி, மகளைச் சுட்டிக்காட்டி, இரண்டு விசில் அடித்தார்.

போகலாம்.

"குடிக்க மாட்டேன்னு நினைச்சியா?" என்று கோப்பையை எடுத்தாள் சின்னவள். ஒரு வாய் வாங்கினாள். காபி வாய்க்குள் வந்தது. ஆனால் தொண்டைக்குள் இறங்காமல் அங்கேயே குடியிருந்தது. அவள் கண் விரிந்தது. விழுங்கினாள். இன்னொரு வாய். பிளம்பர் குழாயை மாட்டுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். மூன்றாவது வாயில் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"என்ன, முழுசா குடி," என்றாள் அண்ணி.

"அண்ணி... இது காபி இல்லை. காபியோட ஆவி."

"டிரெயினிங்ல குடிக்கலையா?"

"ஒரு ஸ்பூன் கொடுத்தாங்க. ஆரஞ்சு ஜூஸ்ல." சின்னவள் வாயைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மூணு மாசமாவாப்பா?"

கண்டக்டர் தலையை ஆட்டினார். "தண்ணி..." என்றார். "ஒரு வாய்... பச்சைத் தண்ணி." அதற்கு மேல் சொல்ல வரவில்லை. விசிலும் அடிக்கவில்லை.

*

ஆஸ்பத்திரிக்கு மூன்று பேரும் ஒரே டாக்ஸியில் போனார்கள். டாக்டர் பார்த்தார். கொஞ்சம் நீர் வற்றியிருக்கிறது, பயப்பட ஒன்றுமில்லை, டிரிப்ஸ் ஏற்றிவிட்டு மத்தியானமாகப் பரிசோதனையை வைத்துக்கொள்ளலாம் என்றார். கண்டக்டர் ஜன்னலோரக் கட்டில்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்கிக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் குறட்டை விட்டார்.

கட்டிலின் இந்தப் பக்கம் அண்ணி, மடியில் கணினி. அந்தப் பக்கம் சின்னவள், கையில் ஒன்றுமில்லை. அதுவே அவளுக்கு உறுத்தலாக இருந்தது.

"என்ன எழுதறீங்க?"

"பதினொண்ணாம் பக்கம்."

"அந்த வரியா?"

"அந்த வரி இருக்கற இடம்." அண்ணி திரையைத் திருப்பிக் காட்டினாள்.

'இந்தப் பொடி கலந்த பானம் புரையேறுவதைக் குறைக்க உதவும். நிமோனியாவைத் தடுக்குமா என்பது இன்னும் உறுதியாகவில்லை. கெட்டியான பானம் பலருக்குப் பிடிப்பதில்லை. எத்தனை கோப்பை கொடுத்தோம் என்பதோடு நிறுத்தாமல், எத்தனை கோப்பை உள்ளே போனது என்று கூடவே இருந்து பாருங்கள். குடிக்காவிட்டால் திட்டாதீர்கள்; டாக்டரிடம் சொல்லுங்கள்.'

சின்னவள் இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை உதட்டைக் கடித்துக்கொண்டே படித்தாள்.

"ஒரு வரி குறையுது அண்ணி."

"மறுபடியுமா?"

"அது இல்லை. கொடுங்க." கணினியைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டு, ஒற்றை விரலால் தட்டித் தட்டி எழுதினாள். 'கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒரு கோப்பை முழுதாகக் குடித்துப் பாருங்கள்.'

அண்ணி முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு கேட்டாள்: "இதுக்கு ஆதாரம்?"

"என் நாக்கு."

இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததில் பக்கத்துக் கட்டில் அம்மாள் திரையை விலக்கிப் பார்த்தார்.

இரண்டு மணிக்குப் பரிசோதனை. விழுங்கும் பயிற்சி கொடுக்கும் தெரபிஸ்ட், கண்டக்டரை எக்ஸ்ரே மெஷினுக்கு முன்னால் நிமிர்த்தி உட்கார வைத்து, வெள்ளையாக ஏதோ கலந்த திரவத்தை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுத்தாள். முதலில் கெட்டியாக. பிறகு கொஞ்சம் தளர்வாக. பிறகு இன்னும் தளர்வாக. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அண்ணியும் சின்னவளும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பு வெள்ளையில் ஒரு கழுத்து. ஒவ்வொரு விழுங்கலுக்கும் வெள்ளைக் கோடு ஒன்று வழுக்கிக்கொண்டு இறங்கியது. சின்னவள் அண்ணியின் கையை எப்போது பிடித்தாள் என்று இருவருக்குமே தெரியாது.

கடைசியாக, பொடியே கலக்காத திரவம். தெரபிஸ்ட் ஒரே ஒரு சின்ன வாய் கொடுத்தாள். கோடு இறங்கியது, தொண்டையில் ஒரு நொடி தயங்கியது, சரியான குழாய்க்குள் போனது. அடுத்த வாய் கொஞ்சம் பெரியது. ஒரு துளி தப்பான பக்கம் எட்டிப் பார்த்தது. கண்டக்டர் பலமாக இருமினார். துளி வெளியே வந்துவிட்டது.

"மூணு மாசத்துக்கு முன்னாடி இந்த இருமல் வரலை," என்றாள் தெரபிஸ்ட் வெளியே வந்து. அவள் முகமெல்லாம் சிரிப்பு. "இப்போ தொண்டை தன்னைத் தானே காப்பாத்திக்குது. இனிமே தேன் பதம் வேண்டாம். தக்காளி ஜூஸ் பதம் போதும். சாப்பாட்டுக்கு நடுவுல இல்லாம, பல் தேய்ச்சு வாய் கொப்பளிச்ச பிறகு, நிமிர்ந்து உட்கார்ந்து, பக்கத்துல ஒருத்தர் இருந்தா, சின்னச் சின்ன வாயா பச்சைத் தண்ணியும் கொடுக்கலாம்."

"இப்பவேவா?" என்றாள் சின்னவள்.

"பல் தேய்ச்சா இப்பவே."

கண்டக்டர் பல் தேய்த்த வேகத்தைப் பார்க்க வேண்டும். சின்னவள் பேப்பர் கோப்பையில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து அப்பாவின் வாயருகே வைத்தாள். அவர் தாடையைத் தாழ்த்தி, ஒரு சின்ன வாய் எடுத்து, கண்ணை மூடி விழுங்கினார். இன்னொரு வாய். மூன்றாவது வாய்க்குப் பிறகு கண்ணைத் திறந்தார். கண் நிறைந்திருந்தது. மகளின் தலையில் இடது கையை வைத்தார்.

பிறகு வார்டே அதிரும்படி இரண்டு விசில் அடித்தார். நர்ஸ் ஓடி வந்து திட்டினாள்.

*

சரியாக மூன்று மணிக்குச் சின்னவளின் போன் அடித்தது. வராந்தாவின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, இருவருக்கும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அனுப்பினதைப் பார்த்தேன்," என்றார் மேலாளர். "நான் கேட்ட வரி இல்லை. நான் கேட்காத அஞ்சாறு வரி இருக்கு. 'பலருக்குப் பிடிப்பதில்லை'யாம்! நம்ம பொடிக்கு நாமே இப்படி எழுதுவோமா? உங்க அண்ணிகிட்டே கடைசியா ஒரு தடவை கேளுங்க."

அண்ணி வாயைத் திறந்தாள். சின்னவள் கையமர்த்தினாள்.

"கேட்க வேண்டாம் சார். அந்த வரி வராது."

"என்னது?"

"பதினாலு ஆய்வுல இல்லாததை நான் எந்த முகத்தோட ஒரு வீட்டுல போய்ச் சொல்றது? எங்க அப்பா பத்து நாளா தினம் ஆறு கோப்பையை வாஷ்பேசின்ல ஊத்தியிருக்கார் சார். இன்னைக்கு டிரிப்ஸ் ஏத்தினாங்க. பொடி நல்ல பொடிதான். அதனாலதான் மூணு மாசம் புரையேறாம இருந்தார். ஆனா அதோட கஷ்டத்தையும் சொன்னாத்தான் ஜனங்க சரியா கொடுப்பாங்க."

மறுமுனையில் மேலாளர் தொண்டையைச் செருமினார். ஆனால் அடுத்துக் கேட்ட குரல் அவருடையது இல்லை. கரகரப்பான, வயதான ஒரு பெண் குரல்.

"நான் மருத்துவப் பிரிவுத் தலைவர். நானும் லைன்ல இருக்கேன். குடித்துப் பாருங்கள்னு ஒரு வரி இருக்கே, அதை யார் எழுதினது?"

சின்னவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நான்தான் மேடம்."

"குடிச்சீங்களா?"

"மூணு வாய்."

"நான் ரெண்டு வாய்க்கு மேலே தாண்டினதில்லை." குரலில் சிரிப்பு இருந்தது. "கையேடு இப்படியே அச்சுக்குப் போகட்டும். எழுதினவங்க பக்கத்துல இருக்காங்களா? அம்மா, இன்னும் ஒரு வேலை. ஆறு வருஷமா கிளினிக்குகள்ல எங்க பழைய துண்டுப் பிரசுரம் ஒண்ணு தொங்குது. அதுலயும் இதே நிமோனியா வரி இருக்கு. நான் சேர்ந்தது போன மாசம்தான். அதை யார் சரிபார்த்து விட்டாங்கன்னு விசாரிக்கப் போறேன். அதுல என்னென்ன தப்புன்னு எனக்கு எழுதி அனுப்புங்க, என் நம்பரை அனுப்பி வைக்கறேன்."

"தாராளமா," என்றாள் அண்ணி. தப்பு கண்டுபிடிக்கச் சொன்னால் அவளுக்குப் பசி தூக்கம் தெரியாது.

*

சாயங்காலம் ஆறு மணிக்கு வீட்டில் எல்லோருக்கும் பசி. கண்டக்டர் தக்காளி ஜூஸ் பதத்தில் ஒரு காபியை முழுதாகக் குடித்து முடித்து, சாட்சிக்காகக் கோப்பையைக் கவிழ்த்தும் காட்டினார். வாஷ்பேசினில் தண்ணீர் சரசரவென்று இறங்கியது.

சின்னவள் தன் விற்பனைப் பையைத் துழாவி அந்தப் பழைய துண்டுப் பிரசுரத்தை எடுத்து மேஜையில் போட்டாள். இரண்டு பக்கம், முன்னால் சிரிக்கிற ஒரு தாத்தா படம்.

அண்ணி பென்சிலைக் கூராக்கிக்கொண்டாள். "அடேயப்பா! 'முற்றிலும் தடுக்கும்'னே போட்டிருக்கான். முற்றிலுமாம்!" வட்டம் போட்டாள். "இதுக்கு ஆதாரம்னு ஒரு எழுத்து இல்லை. இதைப் படிச்சுப் பார்த்துச் சரின்னு சொன்ன புண்ணியவான் யாரோ, அவரை ஒரு நாள் பார்க்கணும்."

"பின்பக்கம் இருக்கும் பாருங்க," என்றாள் சின்னவள், ரொட்டியைக் கடித்துக்கொண்டே.

அண்ணி திருப்பினாள். அடியில், எறும்பு வரிசை மாதிரி ஒரு வரி. கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினாள்.

'பொருள் சரிபார்ப்பு: உணவியல் நிபுணர்' என்று இருந்தது. கூடவே அவள் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியின் பெயர். அதற்குக் கீழே ஒரு கையெழுத்து. கடைசி எழுத்தை மேலே சுழித்து விட்டிருந்த கையெழுத்து.

அவளுடையது.

ஆறு வருடத்துக்கு முன்பு வேலையை விட்ட கடைசி வாரம் நினைவுக்கு வந்தது. மேஜை நிறையக் காகிதம். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டுவிட்டு நாலு மணிக்குக் கிளம்ப வேண்டும் என்ற அவசரம். முன்பக்கத்துத் தாத்தா படத்தைப் பார்த்தது ஞாபகம் இருந்தது. உள்ளே படித்தது ஞாபகத்தில் இல்லை.

"என்ன அண்ணி, பேச்சையே காணோம்?" சின்னவள் எழுந்து வந்து தோளுக்கு மேலாகக் குனிந்து பார்த்தாள். பார்த்தவள் ரொட்டியை மெல்வதை நிறுத்தினாள்.

கையிலிருந்த மிச்சத்தைத் தட்டில் வைத்தாள்.

"அண்ணி," என்றாள் சின்னவள், குரலைத் தாழ்த்தி. "கையெழுத்துதானே இருக்கு, பேர் இல்லையே. அதுவும் இவ்வளவு பொடி எழுத்து. பூதக்கண்ணாடி வச்சாத்தான் தெரியும். அந்த மேடம் கண்டுபிடிக்கவா போறாங்க? யார் இதைப் படிக்கப் போறா?"

"நான் படிச்சிட்டேனே," என்றாள் அண்ணி.

போனைக் கிட்டே இழுத்து, அந்தக் கரகரப்புக் குரல்காரியின் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் மணி அடிக்கத் தொடங்கியது.